சித்தப்பா தொலைபேசியில் பாடிய பாட்டு

எங்கள் சின்னம்மாவுக்கு அந்தப் படத்தின் முதற் பாதி மட்டும்தான் தெரியும். அதற்குக் காரணம் மண்ணெண்ணெய். சண்டைக் காலத்தில் வன்னிக்குள் மண்ணெண்ணெய் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. சின்னம்மாவுக்குக் கலியாணமான மூன்றாம் மாதம், அக்கராயனில் பிள்ளை பெரியவளான சடங்கு நடந்த ஒரு சாமத்திய வீட்டில் ஜெனரேற்றர் பூட்டி, ரீவியில் படம் போட்டார்கள். பழைய கறுப்பு வெள்ளைக் காதல் படம். இடைவேளை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஜெனரேற்றர் இருமி இருமி நின்றுவிட்டது. சனம் முணுமுணுத்துக்கொண்டு எழும்பிப் போனது. மிச்சக் கதையைச் சித்தப்பா வீட்டுக்கு நடந்து வரும் வழியில் சின்னம்மாவுக்குச் சொல்லி முடித்தார். அவர் அந்தப் படத்தை முன்பே பார்த்தவர்.

கதை இதுதான். ஒரு மலையூருக்கு அணைக்கட்டுக் கட்ட வருகிற எஞ்சினியர், அந்த ஊர் வாத்தியாரின் மகளைக் காதலிக்கிறான். பாதி கட்டிய அணையின் மேல் இருந்துகொண்டு அவள் ஒரு பாட்டுப் பாடுகிறாள். வாத்தியங்கள் பெயருக்குத்தான், அந்தப் பாட்டு முழுக்கப் பாடகியின் குரலில் நிற்கிறது. பிறகு வெள்ளம் வந்து எஞ்சினியரை அடித்துக்கொண்டு போகிறது. ஜெனரேற்றர் நின்றது அந்த வெள்ளத்தில்தான். சித்தப்பா சொன்ன மிச்சம்: எங்கோ கரையொதுங்கியவனுக்குத் தன் பெயர்கூட மறந்துபோகிறது. ஒருநாள் காற்றில் அந்தப் பாட்டு வருகிறது. பாட்டு வரும் திசையைப் பிடித்து நடந்து நடந்து அவன் அணைக்கட்டுக்கு வந்துசேர்கிறான். அவள் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறாள். சுபம்.

எனக்குத் தலையில் பேன் பார்க்கும்போதெல்லாம் சின்னம்மா இந்தக் கதையைச் சொல்லுவார். நான் ஒரு நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். என் தலையில் அவ்வளவு பேன்.

சண்டை முடிந்து, முகாமிலிருந்து விடுவிக்கப்பட்டு, நாங்கள் அக்கராயனுக்குத் திரும்பி வந்தபோது எனக்கு எட்டு வயது. அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சின்னம்மா. சித்தப்பா இல்லை. கடைசி நாட்களில் முல்லைத்தீவுப் பக்கமிருந்து சனத்தோடு சனமாக நடந்து வந்தபோது, ஆமிக்காரர் ஆண்களில் சிலரை வேறு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். சித்தப்பா தோளில் கிடந்த பையைச் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டு அந்த வரிசைக்குப் போனார். பிறகு அவரைக் கண்டதாக யாரும் சொல்லவில்லை. சின்னம்மாவுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. அந்தப் பைக்குள் இரண்டு சாரமும் ஒரு சவரப்பெட்டியும்தான் இருந்தன.

தகரமும் தறப்பாளுமாக ஒரு வீடு போட்டோம். நான் சின்னம்மாவின் பாயில்தான் படுப்பேன். அவர் மேல் காலைப் போடாவிட்டால் எனக்கு நித்திரை வராது. சாப்பாடு ஊட்டுவதும், பள்ளிக்கூடத்துக்குத் தலை இழுத்துவிடுவதும், என் காய்ச்சலுக்கு அழுவதும் சின்னம்மாதான். அம்மாவுக்கு வயலும் மாடும் அப்பாவும் போதுமானதாக இருந்தன. சின்னம்மாவை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தியோடு சும்மா இருந்த இடத்தில் சண்டை பிடித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலியில் நேயர் விருப்பம் போகும். பாட்டைப் போடுமுன் அறிவிப்பாளர் ஒரே மூச்சில் கேட்டவர்களின் பெயர்களை வாசிப்பார்: அம்மா, அப்பா, அண்ணா, வெளிநாட்டு மாமா, அயல்வீட்டு அக்கா, எல்லோருக்காகவும் இந்தப் பாடல். எங்கள் பக்கத்தில் காணாமல் போனவர்களின் வீட்டார் அந்தப் பெயர்களுக்கு நடுவே காணாமல் போனவரின் பெயரையும் செருகிவிடுவார்கள். எந்தச் சிறையிலாவது யாராவது வானொலி வைத்திருக்க மாட்டார்களா என்ற எண்ணம்தான். சின்னம்மா கிழமைக்கொரு தபாலட்டை போடுவார். பாட்டு எப்போதும் அதே பாட்டு. சித்தப்பாவின் பெயர் முதலாவதாக இருக்கும், கடைசியில் என் பெயர். ஒருமுறை எங்கள் வெள்ளாட்டின் பெயரையும் சேர்க்கச் சொல்லி நான் அழுது, சேர்த்து, அறிவிப்பாளர் அதையும் மரியாதையாக வாசித்தார். அப்பாவின் பெயர் ஆட்டுக்குப் பிறகு வந்துவிட்டது. அன்று முழுக்க அப்பா எங்களோடு கதைக்கவில்லை.

அந்த வானொலி பழுதான இடத்தில்தான் கனகராயன்குளத்தார் வந்து சேர்ந்தார். கனகராயன்குளத்தில் ரேடியோ, ரீவி திருத்துகிறவர் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்கு அந்தப் பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். மனைவி ஷெல்லில் செத்துப்போனவர், பிள்ளைகள் இல்லை. சத்தமாகச் சிரிக்கத் தெரியாத, நல்ல மனிதர். வானொலியைத் திருத்தித் தந்தவர், அது ஒழுங்காகப் பாடுகிறதா என்று பார்க்க அடுத்த கிழமையும் வந்தார், அதற்கடுத்த கிழமையும் வந்தார். மூன்றாம் முறை அப்பாவுக்கு விளங்கிவிட்டது. நேராகவே கேட்டார். அவரும் நேராகவே, விருப்பம்தான் என்றார்.

ஆனால் கலியாணத்தைப் பதிவு செய்வதற்குச் சித்தப்பாவின் மரண அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். அதற்குரிய படிவத்தை, ஊரில் ஜீ.எஸ் என்று சொல்லும் கிராம சேவையாளர் முன்பே ஒருமுறை கொண்டுவந்து காட்டியபோது, சின்னம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். இந்த முறை அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும் ஒவ்வொரு நாளும் மெல்ல மெல்லக் கதைத்துப் பார்த்தார். உனக்கு இருபத்தாறு வயது, எங்களுக்குப் பிறகு உனக்கு யார் என்பதுதான் அந்தக் கதையின் சாரம். எனக்கு யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கனகராயன்குளத்தாருக்குச் சின்னம்மாவின் பாட்டுப் பற்றித் தெரியும். கிழமை தவறாமல் வானொலியில் கேட்டிருக்கிறார். அந்தப் பாட்டு வரும் படத்தைக் கொண்டுவந்து காட்டினால் சந்தோஷப்படுவார் என்று நினைத்துவிட்டார் மனிதர். எங்கோ தேடி அதன் டிவிடியைப் பிடித்து, ஒரு சின்ன ரீவியையும் ஜெனரேற்றரையும் லாண்ட் மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு சனிக்கிழமை பகல் வந்து இறங்கினார். இந்தமுறை எண்ணெய் முடிந்துவிடக்கூடாதென்று ஒரு கான் நிறைய மேலதிகமாகவும் கொண்டுவந்திருந்தார். அவர் செய்த ஒரே பிழை, அந்தப் படத்தைத் தான் முன்கூட்டிப் பார்க்காததுதான்.

வெள்ளம் வந்தது. எஞ்சினியரை அடித்துக்கொண்டு போனது. நான் சின்னம்மாவின் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன், இனிமேல்தான் நல்ல கட்டம் என்று. ஆனால் கரையொதுங்கியது அவனுடைய உடல். மதகடியில் ஒதுங்கிக் கிடந்தது. அவள் சந்தோஷமாக இருந்தபோது ஒரு தடவை பாடிய பாட்டை, கடைசியில், கட்டி முடிந்த அணைக்கட்டின் மேல் நின்று இன்னொரு தடவை பாடினாள். அதே மெட்டு, ஆனால் மிக மெதுவாக, வாத்தியமே இல்லாமல். வானொலியில் இந்தச் சோகப் பாட்டை ஒருநாளும் போட்டதில்லை. பாடி முடித்தவள் கீழே இறங்கி வந்தாள். அடிவாரத்தில் அவளைக் கட்டப்போகிற வேறொருவன் குடையோடு காத்துக்கொண்டு நின்றான். இருவரும் நடந்து போனார்கள். சுபம் என்றுதான் அதிலும் போட்டார்கள்.

அப்பா செருமினார். கனகராயன்குளத்தாரின் சேட்டு வியர்வையில் முதுகோடு ஒட்டிவிட்டது. அந்தக் குடைக்காரன் தான்தான் என்று எல்லோரும் நினைக்கப்போகிறார்கள் என்று அவர் வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

“இதுதான் முடிவோ?” என்று சின்னம்மா கேட்டார்.

“ஓம்… நான் பாக்காமல் கொண்டந்திட்டன். குறை நினைக்காதேங்கோ.”

சின்னம்மா ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை. அவருக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார், கையில் நேரே கொடுத்தார். அடுத்த நாள் காலை சாம்பலால் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“என்ரை மனுசன் எனக்குப் பொய் சொல்லியிருக்கிறார், பாரக்கா. நான் அழுவன் எண்டிட்டு முடிவை மாத்திச் சொல்லியிருக்கிறார். நல்ல மனுசனாய் இருந்தவர்.” கொஞ்ச நேரம் சட்டியைத் தேய்த்தார். “திங்கக்கிழமை ஜீ.எஸ்ஸை வரச் சொல்லுங்கோ. கையெழுத்து வைக்கிறன்.”

அம்மா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். சாம்பல் கையோடு சின்னம்மாவும் அழுதார். ஆனால் அது வழக்கமான அழுகை மாதிரி இல்லை. அழுது முடித்ததும் பசிக்குது என்றார். இரண்டு பேரும் பழஞ்சோறு சாப்பிட்டார்கள். இரண்டு வருடங்களில் சின்னம்மா பசிக்குது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு எனக்கு வந்தது எரிச்சல் மட்டும்தான்.

“நானும் கனகராயன்குளத்துக்கு வரட்டோ?” என்று கேட்டேன்.

“கலியாணம் கட்டிப் போறவை பாயோட ஆளையும் கொண்டு போறதோ?” என்று அம்மா சிரித்தார். சின்னம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

எங்கள் வளவில் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில், வேலியோரம் நின்ற பூவரசடியில். சின்னம்மாவின் பட்டன் போனைச் சொப்பிங் பைக்குள் போட்டு அந்த மரத்துக் கொப்பில் தொங்கவிட்டிருப்போம். சித்தப்பாவைக் காணவில்லை என்று பதிந்த இடமெல்லாம் அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியவர்கள் எல்லோரும் வயலில் நின்றார்கள். நான் பூவரசடியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தேன். ஒரு ஆண் சிங்களத்தில் ஏதோ கேட்டான். நான் பேசாமல் நின்றேன். அவன் இரண்டு தடவை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவ்வளவுதான் நடந்தது.

சின்னம்மா வந்து, கால் கழுவி, போனை எடுத்துப் பார்த்தார்.

“ஆர் இது, எடுத்தது?”

நான் யோசித்து வைத்துச் சொன்னேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் சொன்னேன் என்று சொல்வதும் பொய். சித்தப்பா சொன்ன முடிவு என்னிடம் தயாராக இருந்தது. எனக்கு அந்த முடிவுதான் வேண்டியிருந்தது.

“சித்தப்பா,” என்றேன்.

சின்னம்மா என்னைப் பார்த்தபடி நின்றார்.

“சித்தப்பா கதைச்சவர். பேர் சொல்லேல்லை. அந்தப் பாட்டைப் பாடினவர். முதல் வரி பாடினவர், பிறகு கட் ஆகிட்டுது.”

அவர் அப்படியே மரத்தடியில் இருந்துவிட்டார். கத்தவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, என்ன குரல், எப்படிப் பாடினார், மெதுவாகவா, பக்கத்தில் வேறு சத்தம் கேட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். பக்கத்தில் காகம் கத்தியது என்றுகூடச் சொன்னேன். எனக்கு அவ்வளவு கெட்டித்தனம் இருக்கிறதென்று அதற்கு முன் எனக்கே தெரியாது. என் கைகள் அவர் கைக்குள் நோகிற அளவுக்கு இறுகியிருந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்பாவுக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும். அந்த நம்பருக்குத் திருப்பி எடுத்தார். தம்புள்ளையிலிருந்து வெங்காய லொறி ஓட்டுகிற ஒருவன் கதைத்தான். கிளிநொச்சிக் கடைக்காரர் ஒருவருக்கு எடுக்கப்போய் இலக்கம் மாறிவிட்டது என்றான். அப்பா என்னைத் தனியே கூட்டிப்போய், வடிவாக யோசித்துச் சொல்லு என்றார். நான் யோசிக்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சித்தப்பாதான் என்றேன். சின்னம்மாவுக்கோ லொறிக்காரனின் பதில் இன்னும் வலுச் சேர்த்தது. “அவன் காவலுக்கு நிக்கிறவன் அத்தான். இரக்கப்பட்டு போனைக் குடுத்திருக்கிறான். இப்ப பயத்தில மறைக்கிறான்” என்றார். அப்படியும் இருக்கலாமே என்று அப்பாவும் இரண்டு நாள் நம்பினார். எங்கள் நாட்டில் எது நடக்காது என்று யாரால் சொல்ல முடியும்?

திங்கட்கிழமை கிராம சேவையாளர் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்த முன்பே சின்னம்மா படலையடிக்குப் போய்விட்டார். “உயிரோட இருக்கிற மனுசனுக்கு என்னத்துக்கு மரணப் பத்திரம், ஐயா?” என்றார். அவர் படிவத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

கனகராயன்குளத்தார் ஒரேயொரு தடவை வந்தார். சின்னம்மா வெளியே வரவில்லை. அவர் வாசலில் கிடந்த கதிரையில் இருந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, உண்மையாவே சித்தப்பா கதைச்சவரோ?”

அவருடைய முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். அடி விழுந்திருக்கும், நாலு நாள் யாரும் கதைத்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

“ஓம்,” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “அப்பிடியெண்டால் சந்தோசம் பிள்ளை. சந்தோசம்தானே” என்றார். எழும்பி, அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, மோட்டார் சைக்கிளை உதைத்தார். முதல் உதையிலேயே அது பிடித்துக்கொண்டது. இரண்டு வருடத்தில் நெளுக்குளத்தில் ஒரு பெண்ணைக் கட்டினார் என்று கேள்வி. அவர் வந்துபோன அன்று இரவு நான் சின்னம்மாவின் மேல் காலைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

அதற்குப் பிறகு சின்னம்மா ஏறாத படிகள் இல்லை. வவுனியா என்றார்கள், போனார். பூசா தடுப்பு முகாம் என்றார்கள், போனார். கொழும்பில் ஆணைக்குழு என்றார்கள், விடிய வெளிக்கிட்டுப் போனார். அந்த லொறிக்காரனின் இலக்கத்தை ஒரு கடதாசியில் எழுதி, கடதாசி நைந்துபோக வேறொன்றில் எழுதி, போகிற இடமெல்லாம் காட்டினார். சாட்சிக்கு என்னையும் இரண்டு மூன்று தடவை கூட்டிப் போயிருக்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் என்னைக் கேட்டார்கள். நான் சொன்னதையே சொன்னேன். தடக்குப்படாமல் சொன்னேன்.

பதின்மூன்று வயதில், பெரிய பிள்ளையான பிறகு, எனக்குப் பயம் வந்தது. அம்மா நெல் புடைத்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சுளகை வைத்துவிட்டுக் கன்னத்தைப் பொத்தி ஒரு அறை விட்டார். பிறகு என் வாயைத் தன் கையால் பொத்தினார்.

“உன்ரை சின்னம்மாட்டைச் சொன்னியோ, அவள் கிணத்துக்கைதான். விளங்குதோ? இது உன்னோடயும் என்னோடயும் சாகோணும்.”

அன்றிலிருந்து அந்தப் பொய்யை நாங்கள் இரண்டு பேராகக் காத்தோம்.

இப்போது நான் கிளிநொச்சியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். காணாமல் போனவர்களின் உறவினர்கள் படங்களோடு போராட்டம் இருக்கிற தகரக் கொட்டகை, கண்டி வீதியோரம், கடையிலிருந்து நடக்கிற தூரம்தான். சின்னம்மா கிழமையில் மூன்று நாள் அக்கராயனிலிருந்து பஸ் ஏறி வந்து அங்கே இருப்பார். நாற்பது தாண்டிவிட்டது. சீனி வருத்தம், காலில் ஆறாத புண். அங்கே வந்துகொண்டிருந்தவர்களில் போன வருடம் ஒரே மாதத்தில் இரண்டு தாய்மார் செத்துப்போனார்கள். இரண்டாவது செத்தவீட்டுக்குப் போய்விட்டு வந்த சின்னம்மா கொட்டகையில் மயங்கி விழுந்தார். அடுத்த நாளே நான் முடிவெடுத்தேன். கிணற்றில் விழுந்தாலும் தூக்கலாம். இந்தக் கொட்டகையில், என் பொய்யை மடியில் வைத்துக்கொண்டு அவர் சாகக்கூடாது.

மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுபோனேன். மற்றவர்கள் அங்கால் இருந்து சாப்பிட்டார்கள். அவர் சாப்பிட்டு முடிகிறவரை பொறுத்திருந்து சொன்னேன்.

“சின்னம்மா, அண்டைக்குச் சித்தப்பா கதைக்கேல்லை. நான்தான் பொய் சொன்னனான்.”

அவர் கையைக் கழுவினார். வாயைக் கொப்பளித்தார். வீதியை ஒருமுறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்தார்.

“ஆர் உன்னட்டை வந்தவை?”

“ஒருத்தரும் வரேல்லைச் சின்னம்மா.”

“சீ.ஐ.டிக்காரர் கடைக்கு வந்தவையோ? பயப்பிடுத்தினவையோ?”

“இல்லை. நீங்கள் கலியாணம் கட்டிப் போயிடுவியள் எண்டு… எனக்கு உங்களை விட விருப்பமில்லை. அதுக்காகத்தான் சொன்னனான். அது ஆரோ லொறிக்காரன்.”

நான் அழத் தொடங்கிவிட்டேன். சின்னம்மா என் தலையைத் தடவினார். சின்ன வயதில் தடவுகிற மாதிரியே, நெற்றியிலிருந்து பின்னுக்கு.

“சரி, சரி. ஆரும் கேட்டால் இப்பிடியே சொல்லு. உனக்கு அதுதான் பாதுகாப்பு. நான் கோவிக்கமாட்டன்.” அவருடைய குரல் இன்னும் இறங்கியது. “ஆனால் எனக்கு மட்டும் பொய் சொல்லாதை பிள்ளை. அவர் பாடினதைக் கேட்ட காது உன்ரை ஒண்டுதான்.”

சித்தப்பாவின் படத்தை என் மடியில் வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வாறன் என்று எழும்பிப் போனார். புண் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார்.

ஒன்பது வயதில், பொய் சொன்னவள் நான்தானே, வேண்டாமென்றால் ஒருநாள் நானே அதைத் திருப்பி எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று பூவரசடியில் அது என் கையைவிட்டுப் போய்விட்டது என்று எனக்கு விளங்கவில்லை. வீதியால் யாழ்ப்பாணம் போகிற பஸ் ஒன்று மெதுவாகப் போனது. யன்னலோரம் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சித்தப்பாவின் முகம் அவர்களுக்குத் தெரிகிற மாதிரிப் படத்தை நிமிர்த்திப் பிடித்தேன்.